மூன்றாவது கால்குலேட்டர்

பக்கவாதம் வந்து எழுந்த பிறகு என் கணவருக்கு மனக்கணக்கு தவறிப்போகிறது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பாப்பிரெட்டிப்பட்டி புளி மண்டியில் எடைக்கணக்கு வேலைக்குத் திரும்பிப் போக, விளம்பரம் வராத கால்குலேட்டர் ஒன்று கேட்டார். மகள் அன்பரசி ஓப்பன் சோர்ஸ் செயலிகளில் மூன்றைப் போனில் இறக்கித் தந்தாள்.

"மூட்டை பன்னெண்டு, மூட்டைக்கு முப்பத்தெட்டு கிலோ" என்று சொல்லிக்கொண்டே முதலாவதில் அழுத்தினார். 456 வந்தது.

"நானூத்திப் பதினாறுல்ல வரணும். இது சரியில்ல."

இரண்டாவதிலும் 456தான்.

"இதையெல்லாம் யாரு வேணா தொறந்து பாத்துத் திருத்தலாம்ப்பா. உலகமே பாத்துட்டுதான் இருக்குது."

"அப்ப உலகமே சேந்து தப்பா போட்டிருக்குது."

அன்பரசி சிரித்துவிட்டாள். அவர் முகத்தில் பயத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் போனை வாங்கி மூன்றாவதைத் திறந்தேன். கணக்கு எதுவும் போடாமல் 416 என்று மட்டும் அழுத்திக் காட்டினேன்.

"இதான் ஒழுங்கா வேல செய்யுது. மத்த ரெண்டையும் அழிச்சிரு" என்றார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் தோள்கள் நிமிர்ந்தன. "திங்கக்கெழம மண்டிக்குப் போறேன், மேனகா."

அங்கே எல்லோர் முன்னாலும் அவர் எடை சொல்லப்போவதை நினைத்தேன்.

"சரிங்க" என்றேன்.