லிஃப்டில் தொங்கிய வஞ்சிரம்

நொச்சிக்குப்பத்து முத்தம்மா மவுண்ட் ரோடு ஓட்டலுக்கு மீன் கொடுக்கத் தொடங்கியது 1934இல். சமையற்கட்டு நாலாம் மாடியில் இருந்தது. கீழே கூடையை இறக்கினால் துரைமார் மூக்கைப் பொத்துவார்கள் என்று, பட்லர் பாண்டுரங்கன் லிஃப்டுக்குள்ளேயே, கொக்கியில் மாட்டினால் முள் எடை காட்டும் வில் தராசைத் தொங்கவிட்டார். லிஃப்ட் கிளம்பும்போதே எடையையும் பார்த்து எழுதிவிடுவார். மனுஷனுக்கு எதிலும் அவசரம்!

ஆறு மாதம் போனது. ஒருநாள் லிஃப்ட்காரர் வலியுல்லாவோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே முத்தம்மாவுடன் ஏறிய பாண்டுரங்கன், மேலே நிற்கப்போகும் நேரத்தில்தான் முள்ளைப் பார்த்தார்.

"பதினொரு ராத்தல்."

"இன்னாது, பதினொண்ணா? வூட்ல நிறுத்துட்டுத்தான் வரேன். பன்னெண்டு!"

"அப்போ என் தராசு புளுகுதா? ஏமாத்துக்காரி! நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராதே."

முத்தம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்த ஓட்டல் போனால் போகட்டும். ஏமாற்றுக்காரி என்ற பேர் பரவினால் அவளிடம் எவன் மீன் வாங்குவான்?

"பாய், கீழ போய்த் திரும்ப ஏத்து. மீனு தொங்கிக்கினே இருக்கட்டும்."

கீழே நின்றபோது முள் பன்னிரண்டில் இருந்தது. மேலே கிளம்பியதும் பதிமூன்றுக்குத் துள்ளியது. நடுவில் சீராக ஓடும்போது மறுபடி பன்னிரண்டு. நாலாம் மாடியில் வேகம் தணியும்போது பதினொன்று. மீனில் ஒரு செதில்கூட உதிரவில்லை!

"கெளம்பசொல்ல அழுத்துது, நிக்கசொல்ல லேசாவுது," என்றார் வலியுல்லா. "நம்ம வயிறே அப்படித்தானே பண்ணுது."

பாண்டுரங்கனின் முகம் வெளுத்தது. "அப்போ தெனம் நான்தான் கூட எழுதிக்கினு இருந்தேனா? மேல அடுப்படித் தராசுல ஒரு ராத்தல் கொறையுதுன்னு சமையக்காரன் லாசரைத் திருடன்னு தொரத்திட்டேனே!" முத்தம்மாவின் பக்கம் திரும்பினார். "உனக்கு இன்னா தெரியும், பாவம். நீ நாளைக்கு வழக்கம்போல வா."

அதோடு விட்டிருந்தால் அவள் பேர் தப்பித்திருக்கும். ஆனால் பன்னிரண்டு நிறுத்துக் கொண்டுவந்தது இங்கே பதிமூன்று ஆவதை முதல் நாளே கண்டவள் அவள். பெரிய இடத்துத் தராசுக்குப் பெரிய மனசு என்று உள்ளுக்குள் சிரித்து, கூடுதல் காசையும் வாங்கிக்கொண்டு போனாள். லாசரோ அவள் தெருக்காரன்.

"தெரியும் பட்லரே. மொத நாளே தெரியும். கம்முனு இருந்துட்டேன்." கூடையைக் கையில் எடுத்தாள். "போன வாரம் கொழாயாண்ட அவன் பொஞ்சாதிய, திருடன் பொண்டாட்டி தள்ளி நில்லுன்னு வெரட்டினேன். வாங்க, அவ கிட்ட ரெண்டு பேருமா போய்ச் சொல்லுவோம்."