வேகப் பூட்டு மாப்பிள்ளை

என் தங்கை நிவேதிகா பிடித்த பிடியை விடமாட்டாள். ஆஸ்பத்திரியில், விபத்து வார்டில் தாதியாக இருக்கிறாள். வேகமாக ஓடி மூன்று தரம் தண்டம் கட்டியவனின் வாகனத்தில், அளவுக்கு மேல் ஓடவிடாத கருவியைக் கட்டாயம் பூட்டவேண்டும், அதற்கு ஒரு சட்டம் வரவேண்டும் என்று ஊர் ஊராகக் கையெழுத்துச் சேர்த்துத் திரிந்தாள். நல்ல காரியம்தான். ஆனால் அவள் காதலித்தது யாரை? செட்டிகுளத்து அனோஜனை. ஹயர் வான் ஓட்டுபவன். அவன் கட்டிய தண்டம் மூன்றையும் தாண்டிவிட்டது!

"முதல்ல உன்ர மாப்பிள்ளைக்குப் பூட்டு, பிறகு நாங்கள் கையெழுத்து வைக்கிறம்" என்று சந்தையில் சிரித்தார்கள்.

பூட்டாவிட்டால் தாலிக்குக் கழுத்தை நீட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவனும் சிலாவத்துறை மெக்கானிக் நௌபரிடம் போய், பேசாமல் பூட்டிக்கொண்டு வந்தான். முறுகி நின்றது அவனுடைய தாய் வசந்தமலர்தான். "என்ர பிள்ளை என்ன களவெடுத்தவனே, பூட்டுப் போட?" என்று கேட்டுவிட்டு, எங்கள் வீட்டில் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் எழும்பிப் போனார். ஆயிரம் பேர் வைத்தாலும் அந்த ஒரு கையெழுத்து இல்லாதது நிவேதிகாவுக்குப் பெரிய குறை. "மாமியே வைக்காட்டி, மற்றத் தாய்மாரிட்ட எந்த முகத்தோட போய்க் கேக்கிறது அக்கா?" என்பாள்.

திருக்கேதீச்சரத்தில் கலியாணம். முகூர்த்தம் தொடங்கிவிட்டது, மாப்பிள்ளையைக் காணவில்லை. ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார், மேளகாரர் ஐயரைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அந்த நேரம் பார்த்து அவன் போன் எடுத்தான்.

"அக்கா, வானை ஓரங்கட்டிப்போட்டுக் கதைக்கிறன். மாட்டுப் பட்டியொண்டு றோட்டை மறிச்சுப் பிந்திப்போச்சு. இன்னும் முருங்கனுக்கு வரேல்லை. பூட்டைக் கழட்டுறது எப்பிடியெண்டு நௌபர் நானா போனில சொல்லித்தருவார். கழட்டட்டோ?"

"கழட்டு தம்பி, உடன கழட்டு!" என்றேன்.

மணப்பெண் கோலத்தோடு பாய்ந்து வந்து போனைப் பறித்தாள் நிவேதிகா. "கழட்டினீங்களெண்டா நான் இப்பவே டியூட்டிக்குப் போயிடுவன். ஆறுதலா வாங்கோ. முகூர்த்தம் போனா இன்னொரு முகூர்த்தம் வரும். நீங்கள் போனா நான் எங்க போய்த் தேட?" கடைசிச் சொல்லில் அவள் குரல் உடைந்தது. அவள் வார்டில் எதையெல்லாம் பார்த்திருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு பாயில் இருந்துவிட்டார்.

முகூர்த்தம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கையில் வான் வந்து சேர்ந்தது. தன் வானை எவன் கையிலும் கொடுக்காதவன், தலைப்பாகையும் மாலையுமாகத் தானே ஓட்டிக்கொண்டு வந்தான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. முன் சீட்டிலிருந்து வசந்தமலர் இறங்கினார். இன்றைக்கு நல்லாக வாங்கிக் கட்டப்போகிறோம் என்று நான் ஒதுங்கி நின்றேன். ஆனால் அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"பிள்ளை, கட்டுக்கரைக் குளம் இவ்வளவு பெரிசோ! என்ன வடிவு! தண்ணி முட்ட நிக்குது, கரை முழுக்கக் கொக்கு!"

"ஏன் மாமி, எத்தினை வருசமா அந்தக் குளத்தடியால வந்து போறியள்?" என்று கேட்டேன்.

"வந்து போறனான்தான். இவன்ர வானில ஏறினா இறங்குமட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பிள்ளையாரையெல்லோ கூப்பிடுறனான். இண்டைக்குத்தான் திறந்து பாத்தன்."

அனோஜனின் சிரிப்பு நின்றது. "ஏனம்மா, ஒருநாளும் சொல்லேல்லை?"

"சொன்னா நீ மனம் நோவாய் எண்டுதான்."

கெட்டிமேளம் முழங்கத் தாலி ஏறியது. பெரியவர்கள் வரிசையாக வந்து அறுகரிசி போட்டு வாழ்த்தினார்கள். வசந்தமலரும் வந்தார். போட்டு முடித்தும் நகராமல், மருமகளின் முன்னால் கையை நீட்டினார்.

"அந்தக் கடதாசி எங்கயடி? கொண்டா, வைக்கிறன். இன்னும் எத்தினை தாய்மார் கண்ணை மூடிக்கொண்டு போகினமோ!"