ஸ்டாப்பில் ஆள் நிற்கிறார்

காலிங் பெல் செய்கிறவர்களுக்கு அரசாங்கம் பணம் தரும் என்று தம்பி வந்து சொன்னபோது, அக்கா கையிலிருந்த சால்டரிங் அயனைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"எதுக்குத் தராங்களாம்? பெல் அடிக்கவா?"

"பெல்லுக்கு இல்லக்கா. பஸ்ஸுக்கு."

கடைத்தெருவுக்குப் பின்னால், ஓர் அச்சகத்துக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருந்தது அவர்களுடைய பட்டறை. அக்கா சர்க்யூட் போடுவாள். தம்பி விற்பான், வசூலிப்பான், கணக்கு எழுதுவான். கூட இரண்டு வேலையாட்கள். குருவி கூவும் பெல், கம்பியில்லாத பெல் எல்லாம் ஒரு காலத்தில் நன்றாகவே ஓடின. இப்போதெல்லாம் வாசலுக்கு வருகிறவர்கள் பெல்லைத் தேடுவதில்லை. "கீழ நிக்கிறேன், கதவைத் திற" என்று போன் செய்கிறார்கள். வியாபாரம் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிக்கொண்டிருந்தது.

தம்பி கொண்டுவந்த செய்தி இதுதான். பார்வையில்லாத பயணிகள் தங்கள் பஸ்ஸை அடையாளம் கண்டுபிடிக்கப் போக்குவரத்துத் துறைக்கு ஒரு கருவி வேண்டும். சின்ன கம்பெனிகள் மட்டும்தான் விண்ணப்பிக்கலாம். மாதிரி செய்து காட்ட முதல் கட்ட மானியம். அது தேறினால் பஸ்களில் பொருத்த இரண்டாம் கட்டம்.

"திருப்பித் தர வேண்டாம்க்கா. பங்கும் கேக்க மாட்டாங்க."

"திருப்பித் தர வேண்டாத பணம்னா வேற எதையாவது கேப்பாங்க."

"அறிக்கை கேப்பாங்க. அதை நான் எழுதிக்கிறேன், நீ செய்."

கிடைக்காது என்ற தைரியத்தில்தான் அக்கா கையெழுத்துப் போட்டாள். கிடைத்துவிட்டது.

அதன் பிறகு பட்டறையில் பெல் வேலை ஓரத்துக்குப் போயிற்று. பஸ் கதவின் மேல் ஒரு ஒலிபெருக்கி. ஸ்டாப்பை நெருங்கும்போது அது பஸ்ஸின் எண்ணையும் போகும் இடத்தையும் சொல்லும். கேட்க எளிது. ஆனால் எஞ்சின் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும், அமைதியான தெருவில் அக்கம்பக்கத்தார் சண்டைக்கும் வரக்கூடாது. தெருவின் இரைச்சலைக் கேட்டு, அதற்கேற்ப தன் குரலைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும்படி அக்கா அதைச் செய்தாள். தலைமுடியைப் பிய்த்துக்கொண்டுதான் செய்தாள். அது ஒருவழியாகச் சரியாக வந்த அன்று, வேலையாட்களுக்கு முன்னாலேயே ஒரு குதி குதித்தாள்.

குரலுக்கு ஆள் தேடி வெளியே போகவில்லை. தம்பியின் மனைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வீட்டிலும் அவளுக்கு டீச்சர் என்றே பெயர். ஐம்பது பிள்ளைகள் கத்தும் அறையில் மெதுவாகப் பேசியே கேட்க வைக்கிறவள். "பதினேழாம் நம்பர் பஸ், ரயில் நிலையம் வழியாக, பெரிய ஆஸ்பத்திரி" என்று அவள் பதிவு செய்து முடித்ததும் தம்பி சொன்னான், "நான் ஒருத்தன் கேட்டுட்டிருந்தது போதாதா? இனிமே ஊரே கேக்கணுமா?"

"ஊராவது ஒரு தடவை சொன்னா கேக்கும்" என்றாள் டீச்சர்.

சோதனை ஓட்டத்துக்குத் துறை சிலரை அனுப்பியது. அவர்களில் ஒரு பெண்மணி அரசு அலுவலகமொன்றின் தொலைபேசி ஆபரேட்டர். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், பிறவியிலேயே பார்வையில்லை, தினமும் பதினேழில் வேலைக்குப் போகிறவர். மானியப் பிரிவு அதிகாரி ஸ்டாப்பில் வந்து நின்றார். பஸ் வந்தது, பேசியது, எல்லோருக்கும் எதிரே வந்து நின்றது. எல்லோரும் ஏறினார்கள். அதிகாரி அக்காவின் கையைக் குலுக்கினார்.

ஆபரேட்டர் மட்டும் இறங்கிய பிறகு சொன்னார். "நல்லா கேக்குது. இன்னைக்கு நீங்க இத்தனை பேர் நிக்கிறீங்க, டிரைவர் நிறுத்தாம போவாரா? நாளையிலேர்ந்து நான் தனியா நின்னு பாக்குறேன். யாரும் கூட வராதீங்க."

வராதீர்கள் என்றால் அக்காவுக்குப் போகாமல் இருக்க முடியாது. மறுநாள் காலை எதிர்ச் சாரியில் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றாள்.

ஸ்டாப்பில் ஏற்கெனவே வேறு இரண்டு பஸ்கள் நின்றிருந்தன. பதினேழு அவற்றுக்குப் பின்னால் வந்து, ஸ்டாப்புக்கு வெகு தூரத்திலேயே நின்றது. டீச்சரின் குரல் தெளிவாகக் கேட்டது. ஆபரேட்டர் கையை உயர்த்தினார். கோலைத் தட்டிக்கொண்டு குரல் வந்த திசையில் நடந்தார். இடையில் இறங்கியவர்கள், ஏறியவர்கள், நடைபாதையில் குவித்திருந்த மணல். அவர் பாதித் தூரம் போவதற்குள் பஸ் புறப்பட்டு, முன்னால் நின்றவற்றைச் சுற்றிக்கொண்டு அவரைக் கடந்தது. கடக்கும்போதும், தவறாமல், "பதினேழாம் நம்பர் பஸ்" என்றது.

அக்கா தெருவைக் கடந்து ஓடினாள். பக்கத்தில் போய் நின்றாள்.

"யாரு? மூச்சு வாங்குது?" என்றார் ஆபரேட்டர்.

"நான்தாங்க. பெல் பட்டறை."

"வர வேண்டாம்னு சொன்னேனே. சரி, பாத்துட்டீங்கல்ல?"

"அவன் நின்னிருக்கணும்."

"நின்னாரும்மா. நின்னுட்டுத்தான் போனாரு. முன்னாடியெல்லாம் எந்த பஸ் என்னை விட்டுட்டுப் போச்சுன்னு எனக்குத் தெரியாது. இப்போ பேர் சொல்லிட்டுப் போகுது. அது ஒரு முன்னேற்றம்தான்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அக்காவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அடுத்த பதினேழு வரும்வரை கூட நின்று, கையைப் பிடித்து ஏற்றிவிட்டுத் திரும்பினாள்.

அன்று சாயங்காலம் பட்டறையில் தம்பி அறிக்கையை முடித்துக்கொண்டிருந்தான். அக்கா நடந்ததைச் சொன்னாள்.

"அவங்க கேட்டது என்ன? கேக்குதா, புரியுதா, தொந்தரவா இருக்கா. கேக்குது. புரியுது. தொந்தரவு இல்ல. டிரைவர் எங்க நிறுத்துறாருங்கறது நம்ம வேலையா?"

"இல்லதான்" என்றாள் அக்கா.

உண்மையில் அவளுக்கும் அப்படியே அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தது. இரண்டாம் கட்டம் வந்தால் வேலையாட்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொள்ளலாம். குறையை அப்புறம் சரிசெய்துகொள்ளலாம். "அனுப்பு, பிறகு பாத்துக்கலாம்" என்று சொல்லியும்விட்டாள்.

பள்ளி விட்டு வந்து மேசையோரம் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் நிமிர்ந்தாள். "அப்போ என் குரலை எடுத்துடுங்க, அண்ணி."

"என்ன?"

"ஒரு பிள்ளை கையைத் தூக்கிட்டு நிக்குது, நான் அதைப் பாக்காம பாடத்தை நடத்திட்டே போறேன். அப்படித்தானே இருக்கு? அந்தம்மா தினமும் என் குரலைக் கேட்டுட்டு அங்கேயே நிக்கணுமா? வேற யாரையாவது பேச வைங்க."

"ஏய், இது வெறும் ரெக்கார்டிங்" என்றான் தம்பி.

"உங்களுக்கு ரெக்கார்டிங். எனக்கு என் வாய்."

டீச்சர் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடினாள். பிறகு சொன்னாள், "பஸ் யாருன்னு அந்தம்மாவுக்குச் சொல்றீங்க. அந்தம்மா நிக்கிறாங்கன்னு பஸ்ஸுக்கு யாரு சொல்றது?"

அக்கா அலமாரியைத் திறந்து, தூசி படிந்த கம்பியில்லாத பெல் ஒன்றை எடுத்தாள். பொத்தான் ஒரு கையில், பெட்டி ஒரு கையில். தம்பிக்குப் புரிந்துவிட்டது. "அடக் கடவுளே. இத்தனை மாசம் எதை விட்டு ஓடினோமோ அதுவா?"

மாதிரி ஒன்று செய்து டிப்போவுக்குக் கொண்டுபோனார்கள். பஸ் தன் எண்ணைச் சொன்னதும் பயணி கையிலுள்ள பொத்தானை அழுத்தினால், ஓட்டுநரின் தலைக்கு மேல் பெல் அடிக்கும். பதினேழை ஓட்டுகிற ஓட்டுநர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பெல் அடிச்சா உள்ள யாரோ இறங்கணும்னுதான் எனக்குத் தோணும். இருபது வருஷப் பழக்கம். நிறுத்துவேன், கதவைத் திறப்பேன், போயிட்டே இருப்பேன்."

"அன்னைக்கு அந்தம்மாவை விட்டுட்டுப் போனீங்களே" என்றாள் அக்கா. கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

அவர் முகம் மாறியது. "எந்தம்மா? முன்னாடி ரெண்டு வண்டி மறைச்சுட்டு நின்னா அதுக்கு அந்தப் பக்கம் யார் நிக்கிறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சா விட்டுட்டுப் போவேனா? நான் என்ன அவ்வளவு கெட்டவனா?"

அக்கா மன்னிப்புக் கேட்டாள். அவர் சமாதானமாகி, அவரே வழியும் சொன்னார். "பெல் வேண்டாம். வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்க."

மறுபடி டீச்சரைத்தான் கேட்க வேண்டியிருந்தது. இந்த முறை அவள் தயங்கவில்லை. "ஸ்டாப்பில் ஆள் நிற்கிறார். முன்னால் போய் நிறுத்துங்கள்." அதைக் கேட்ட ஓட்டுநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாருங்க இது? வீட்டுப்பாடம் எழுதாம வந்த மாதிரி இருக்கு. கால் தானா பிரேக்குக்குப் போகுது."

மிச்சமிருந்தது அதிகாரி. அக்காவும் தம்பியும் நேரில் போய், முதல் கருவி வேலை செய்கிறது, ஆனால் உதவவில்லை என்று சொன்னார்கள். அவர் இரண்டு முறை மூக்கைச் சிந்திவிட்டு மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் பணம் குடுத்தது பஸ் பேசறதுக்கு. நீங்க பஸ்கிட்ட பேசறதுக்கு ஒண்ணைச் செஞ்சு எடுத்துட்டு வரீங்க."

"ஆமாங்க."

"இது திட்ட மாற்றம். குழு கூடணும். அது எப்போ கூடும்னு அந்தக் குழுவுக்கே தெரியாது. அதுவரைக்கும் ஒரு பைசா வராது." கொஞ்சம் யோசித்து, எரிச்சலாகவே சொன்னார். "எல்லாம் சரியா இருக்குன்னு எழுதியிருந்தீங்கன்னா இன்னைக்கே அனுப்பியிருப்பேன். உண்மையைச் சொல்லி எனக்கு வேலை வெச்சுட்டீங்க. குடுங்க, நானே குறிப்பு எழுதறேன்."

எழுதினார். என்றாலும் குழு கூட நாளாயிற்று. அதற்குள் வேலையாட்களில் ஒருவர், குழந்தைகளின் பள்ளிச் செலவைச் சொல்லி, வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அக்கா அவரைத் தடுக்கவில்லை. அன்று முழுக்க அவருடைய வேலையையும் தானே செய்தாள். தம்பி பழையபடி பெல் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்கினான். அறிக்கையை அன்றே அனுப்பியிருக்கலாம் என்று அவன் வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அதை நினைக்காத நாள் இருந்திருக்காது என்று அக்காவுக்குத் தெரியும்.

கடைசியில் அனுமதி வந்தது. எதிர்பார்த்த அளவு இல்லை. எல்லாத் தடங்களுக்கும் வேண்டாம், முதலில் பதினேழு ஓடும் தடத்துக்கு மட்டும் என்று குழு முடிவு செய்திருந்தது. போனவரைத் திரும்பக் கூப்பிடும் அளவுக்கு அது போதாது. இருக்கிற மூன்று பேரும் டிப்போவில் பஸ் பஸ்ஸாக ஏறி, திருகாணி முடுக்கி, ஒயர் இழுத்துப் பொருத்தினார்கள்.

பொருத்தி முடித்துச் சில வாரம் கழித்து ஆபரேட்டர் பட்டறைக்குப் போன் செய்தார். வேலை நேரத்துக் குரல். பின்னால் வேறு தொலைபேசிகள் அடித்துக்கொண்டிருந்தன.

"ஒரு தப்புப் பண்ணிட்டேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

போனை எடுத்த அக்கா எழுந்து நின்றாள். "என்னாச்சுங்க? நிக்கலையா?"

"நின்னுச்சு. அதுதான் தப்பே. நேத்து ஆபீஸ் லீவு. தங்கச்சி வீட்டுக்குப் போகணும், அதுக்கு வேற பஸ். பதினேழு வந்துச்சு. சும்மா அழுத்திட்டேன். அவ்வளவு பெரிய வண்டி, நேரா என் எதிர்ல வந்து நின்னு கதவைத் திறந்துச்சு. 'ஏறுங்கம்மா'ன்னாரு டிரைவர். நான் வரலைங்க, நீங்க போங்கன்னு அனுப்பிட்டேன்."

"அப்படியெல்லாம் அழுத்தக்கூடாதுங்க. அவங்களுக்கு நேரம் போகும், அப்புறம் நிஜமாவே நிறுத்த மாட்டாங்க."

"தெரியும்மா. இனிமே மாட்டேன்." ஆபரேட்டர் குரலைத் தாழ்த்தினார். "இத்தனை வருஷத்துல ஒரு பஸ்ஸைப் பாத்து நான் வேண்டாம்னு சொன்னது இதான் முதல் தடவை."

பக்கத்தில் வேறு தொலைபேசி அடித்தது. அவர் அதை எடுக்கப் போய்விட்டார்.