நீரஜா தேர்ந்தெடுத்த ஸ்லைடு

சித்தூர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் முரளிக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் கிட்டார்தான். சுண்டுவிரலில் ஸ்லைடு என்னும் சின்னக் குழாயை மாட்டிக்கொண்டு, அதைக் கம்பிகள்மேல் வழுக்கவிட்டு வாசிப்பான். போன வருஷம் கண்ணாடி, ஸ்டீல், பித்தளை என்று மூன்று ஸ்லைடு வாங்கினான். எது சரி என்று அவனுக்குப் பிடிபடவில்லை. மனைவி நீரஜாவை எதிரே உட்காரவைத்து, ஒரே மெட்டை மூன்றிலும் வாசித்தான். அவளுக்கு நல்ல காது. கல்யாணமான புதிதில் சுருதி இம்மி விலகினாலும் சொல்லிவிடுவாள்.

"பித்தளதாங்க. மத்ததெல்லாம் வோணாம்" என்றாள்.

அது விரலுக்குக் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. உள்ளே டேப் ஒட்டி அதையே வைத்துக்கொண்டான்.

இந்த ஜூனில் ஒருநாள் வியர்வையில் டேப் கழன்றது. ஸ்லைடு சாய்ந்து கம்பியில் கிறீச்சென்று இழுத்தது. அவனுக்கே பல் கூசியது. எதிரே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த நீரஜா சிரித்தபடி தலையாட்டினாள்.

முரளி கம்பியை மீட்டுவதை நிறுத்தினான். இடதுகையை மட்டும் சத்தமில்லாமல் மேலும் கீழும் நகர்த்தினான். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

"எப்பத்துலர்ந்து?" என்றான்.

அவன் உதட்டைப் பார்த்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ரெண்டு வருசம் ஆவுது. கிட்டக்க பேசினா கொஞ்சம் கேக்கும். கிட்டாரு கேக்கல."

"அப்போ பித்தளன்னு எப்டி சொன்ன?"

"அத்த மாட்டிக்கினு வாசிக்கும்போதுதான் உங்க மூஞ்சி நல்லா இருந்துச்சி."

"என்னாண்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா வாசிக்கிறத வுட்டுடுவீங்க."

அவன் ஸ்லைடைக் கழற்றினான். டிவி சத்தம் கூடிக்கொண்டே போனது, போனை எடுக்காமல் விட்டது, கூப்பிட்டால் திரும்பாதது எல்லாம் இப்போது ஒவ்வொன்றாகப் புரிந்தது. எத்தனை முறை அவளிடம் கத்தியிருக்கிறான்!

மறுநாளே திருப்பதிக்கு, காது டாக்டரிடம் கூட்டிப்போனான். கண்ணாடி அறைக்குள் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த நீரஜா, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். அவள் வெளியே கருவியில் சத்தம் போகும்போது எரியும் விளக்கைக் கவனித்து நின்ற முரளியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள். பரிசோதித்த பெண் அவனை அவள் கண்ணில் படாமல் அந்தப்பக்கம் போகச் சொன்னாள். அதற்குப்பிறகு நீரஜாவின் கட்டைவிரல் அசையவே இல்லை.

டாக்டர் தெலுங்கில் நிதானமாகச் சொன்னார். நரம்பு கெட்டுவிட்டது, முதலிலேயே வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம். மிஷின் வைத்தால் பேச்சு ஓரளவு பிடிபடும். சங்கீதம் கஷ்டம்.

திரும்பும் பஸ்ஸில் நீரஜா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சந்திரகிரி தாண்டியதும் முரளி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடு நீரஜா" என்றான்.

அவள் அவன் தோளைத் தொட்டாள். "இன்னாமோ சொன்னீங்களே? இப்டி திரும்பி சொல்லுங்க."

அவன் திரும்பினான். அவள் அவன் உதட்டையே பார்த்தாள். வார்த்தை வரவில்லை.