நூல் தெளியும் வரை

அந்தத் தையற்கடையில் எல்லாரும் அவளைத் தபால் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தாறு வயதுக்காரிக்கு, அதுவும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருப்பவளுக்கு, இப்படி ஒரு பெயர் தேவையா என்றால் தேவைதான். கடையின் முன்பக்கம் துணி வெட்டும் மேஜையில் அவளுடைய அம்மா. பின்பக்கம் தையல் மெஷினில் பெரியம்மா. நடுவில் பதினெட்டு அடி. பதினோரு மாதமாக அந்தப் பதினெட்டு அடியைத் தாண்டி ஒரு சொல்கூட நேராகப் போனதில்லை. “நீல நூல் தீந்துபோச்சான்னு கேளு” என்பாள் அம்மா. பெரியம்மாவின் காதில் அது கணீரென்று விழும். ஆனாலும் தபால் நடந்து போய், “பெரியம்மா, நீல நூல் தீந்துபோச்சா?” என்று கேட்ட பிறகுதான் பதில் வரும். அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரத்தில், அளவு கொடுக்க வந்த வாடிக்கையாளரைத் தூது அனுப்பிய கூத்தும் நடந்திருக்கிறது. அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவர் அடிக்கடி மேஜைக் காலைச் செப்பனிட வரும் தச்சர்.

சண்டை முப்பது கோட்டால் வந்தது. ஏதோ ஒரு ஓட்டலின் பணியாளர்களுக்கான கோட்டு. துணி ஒரு பக்கம் மினுங்கும், மறுபக்கம் மங்கல். பெரியம்மா துணியை அடுக்கடுக்காக விரித்தாள், அம்மா வெட்டினாள். ஒரு அடுக்கில் மினுங்கும் பக்கம் மேலே, அடுத்ததில் கீழே என்று மாற்றி மாற்றி விரிக்க வேண்டும். அப்போதுதான் பாதி இடக்கைக்கும் பாதி வலக்கைக்கும் அமையும். அன்றைக்கு எல்லா அடுக்கும் ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தன. தைக்க எடுத்தபோது அறுபது கை இருந்தது, அறுபதும் இடக்கை. விரித்தவள் தப்பு என்றாள் தங்கை. வெட்டுவதற்கு முன்னால் உன் கண் எங்கே போச்சு என்றாள் அக்கா. அதோடு பேச்சு நின்றது.

அவரவர் பிடித்த பிடியில் நின்றதில், கடையை இரண்டாக்குவது என்று முடிவாகிவிட்டது. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குத் தச்சர் பலகைகளோடு வருகிறார். நடுவில் தடுப்பு எழும்பிவிட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடத் தெருவைச் சுற்றி வர வேண்டும். சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு படம் கேட்டாள். தடுப்பு வருவதற்கு முன்னால் கடை முழுசாகத் தெரிய வேண்டும், அதில் இரண்டு பேர் முகமும் தெளிவாக விழ வேண்டும்.

“பக்கத்துல எல்லாம் போய் நிக்க மாட்டேன்” என்றாள் அம்மா.

“இங்க யாரும் அவளுக்கு நாற்காலி போட்டு வைக்கலைன்னு சொல்லு” என்றாள் பெரியம்மா.

“சரி, அவங்கவங்க இடத்துலயே இருங்க” என்றாள் தபால். சொல்வது சுலபம். ஒருத்தி கேமராவுக்கு ஐந்தடியில், இன்னொருத்தி இருபதடிக்கும் மேல் தள்ளி. தெளிவாகக் காட்டச் சாதாரணக் கேமரா இரண்டு பேரில் ஒருத்தியைத்தான் தேர்ந்தெடுக்கும்.

அதற்காகத்தான் அவள் ஒரு பழைய பெரிய கேமராவை வாங்கியிருந்தாள். முன்னால் லென்ஸ் பொருத்திய சட்டம், பின்னால் படம் விழும் தேய்த்த கண்ணாடி, நடுவில் மடிப்பு மடிப்பாகத் துருத்தி. முன்சட்டத்தை மட்டும் தனியாக இடமும் வலமும் திருப்பலாம். திருப்பினால் படத்தில் தெளிவு விழும் இடம் சாய்ந்துகொண்டு போய், கிட்டே இருப்பதையும் தூரத்தில் இருப்பதையும் ஒரே கோட்டில் பிடித்துக்கொள்ளும். லென்ஸின் துளையைச் சுருக்கினாலும் ஓரளவு தெளியும்தான். ஆனால் கடையின் மங்கல் வெளிச்சத்துக்கு எட்டு விநாடி தேவைப்படும். மெஷினைப் பார்த்தால் கால் தானாக ஆடும் பெரியம்மாவை எட்டு விநாடி அசையாமல் வைக்க யாராலும் முடியாது. ஆகவே இரண்டு மாதமாகத் தபால் வீட்டு மேஜையில் நூற்கண்டுகளைச் சாய்வாக வரிசை வைத்து, திருப்பித் திருப்பிப் பழகினாள். தலையைப் போர்த்திக்கொள்ளும் கறுப்புத் துணியை அம்மா வெட்டிக் கொடுத்தாள், பெரியம்மா தைத்துக் கொடுத்தாள். இரண்டுக்கும் நடுவில் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்று மணிக்குத் தொடங்கினாள். துணிக்குள் தலையை நுழைத்தால் கண்ணாடியில் கடை தலைகீழாகத் தொங்கியது. வலது ஓரத்தில் அம்மா பெரிதாக, இடது ஓரத்தில் பெரியம்மா சின்னதாக. அம்மாவைத் தெளியவைத்தாள். பெரியம்மா கலங்கினாள். முன்சட்டத்தை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டுத் துருத்தியை நகர்த்தினாள். பெரியம்மா தெளிந்தாள், அம்மா கரைந்துபோனாள். இன்னும் கொஞ்சம் வலப்பக்கம். இப்போது இரண்டு பேரில் யாராவது ஒருத்தி முகமே இல்லாமல் போனாள். வீட்டு நூற்கண்டுகள் இப்படிப் படுத்தியதில்லை.

நான்கு மணி ஆயிற்று. ஜன்னல் வெளிச்சம் மேஜையை விட்டு இறங்கத் தொடங்கியது. ஃபிலிம் இரண்டே தாள்தான் இருந்தது.

முகத்தை வைத்துப் பார்த்தால் எங்கே கெடுகிறது என்று தெரியவில்லை. முகத்துக்கும் முகத்துக்கும் நடுவில் ஏதாவது இருந்தால் தெரியும். அவள் துணியை விட்டு வெளியே வந்து, அலமாரியிலிருந்து வெள்ளை நூற்கண்டு ஒன்றை எடுத்தாள். ஒரு முனையை அம்மாவிடம் கொடுத்தாள். நூலை விட்டுக்கொண்டே பதினெட்டு அடி நடந்து மறுமுனையைப் பெரியம்மாவிடம் கொடுத்தாள்.

“ரெண்டு பேரும் தாடைக்கிட்ட வச்சு இழுத்துப் பிடிங்க. நூல் முழுசும் தெளிவாத் தெரிஞ்சா ரெண்டு முகமும் தெளிவா இருக்குன்னு அர்த்தம்.”

“எவ்வளவு நேரம்?” என்றாள் அம்மா.

“நூல் தெளியற வரைக்கும்.”

மறுபடி துணிக்குள் போனாள். கண்ணாடியில் நூல் ஒரு முனையில் ஊசிபோல் கூர்மையாகத் தொடங்கி, போகப்போகப் பஞ்சாகிக் காணாமல் போயிற்று. சட்டத்தை இன்னும் வலப்பக்கம் திருப்பினாள். பஞ்சு முன்னைவிடச் சீக்கிரம் தொடங்கியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கிட்டே இருப்பவர் பக்கமாக லென்ஸ் முகம் திரும்ப வேண்டும். வீட்டில் கிட்டே வைத்த நூற்கண்டு எப்போதும் வலப்பக்கம் இருந்தது, கை அதற்கே பழகிவிட்டது. இங்கே அம்மா இருப்பது இடப்பக்கம். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிந்ததால் ஒரு மணி நேரமாகச் சந்தேகமே வரவில்லை.

“அட கஷ்டகாலமே! இவ்வளவு நேரமும் தப்பான பக்கம் திருப்பிட்டிருக்கேன்” என்றாள் துணிக்குள்ளிருந்தே. “இதுல இடது வலதாத் தெரியுது. பார்த்துக்கிட்டேதான் இருந்தேன், இருந்தும் தெரியலை.”

அவள் சட்டத்தை நேராக்கி, இடப்பக்கம் ஒரு மயிரிழை திருப்பினாள். பஞ்சு பின்வாங்கியது. துருத்தியை நகர்த்தி, இன்னொரு மயிரிழை. கூர்மை நூலோடு ஊர்ந்து போயிற்று. அந்த நேரம் பார்த்து நூல் தொய்ந்து கண்ணாடியில் வளைந்தது.

“ஏ தபாலு, இறுக்கிப் பிடிக்கச் சொல்லு” என்றாள் அம்மா.

தபால் வாயைத் திறக்கவில்லை. தலை துணிக்குள், இரண்டு கையும் கேமராவின் திருகில்.

“உன்னைத்தான். சொல்லேன்.”

நூல் இன்னும் தொய்ந்தது.

“அக்கா, கொஞ்சம் இறுக்கிப் பிடியேன்” என்றாள் அம்மா.

கண்ணாடியில் நூல் மெல்ல நேராயிற்று.

“பிடிச்சுட்டுதான் இருக்கேன். நீதான் கையை முன்னாடி நீட்டறே” என்றாள் பெரியம்மா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அன்னிக்குத் துணி ஒரே பக்கமாத்தான் கிடந்தது. நான்தான் விரிச்சேன். திருப்பித் திருப்பிப் போட்டதாவே நினைச்சுட்டிருந்தேன்” என்றாள்.

“நானும் பார்த்துட்டுதானே வெட்டினேன்” என்றாள் அம்மா. “மினுங்கறது கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தது. அக்கா விரிச்சா சரியாத்தான் இருக்கும்னு கத்தரியைப் போட்டுட்டேன்.”

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“நீ சொன்னியா?”

கண்ணாடியில் நூல் ஒரு ஓரம் முதல் மறு ஓரம் வரை தெளிந்து நின்றது. இரண்டு முகமும், இரண்டு முகத்தின் மூக்குக் கண்ணாடியும், கண்ணாடிக்குக் கீழே ஈரமும். தபால் லென்ஸை மூடி, ஃபிலிம் தாளைச் செருகி, வெளியே வந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வதையே சொன்னாள்.

“மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க.”

கிளிக். அதற்குப் பிறகுதான் நூலைக் கீழே போடச் சொல்ல மறந்தது நினைவுக்கு வந்தது. இன்னொரு தாள் இருந்தது. ஆனால் அவளுக்கு இந்தப் படமே போதும் என்று பட்டது.

ஐந்து மணிக்குத் தச்சர் வாசலில் பலகைகளை இறக்கினார். “எங்கே ஆரம்பிக்கட்டும், அக்கா?”

அம்மா கையில் இன்னும் நூல் முனை இருந்தது. “அளந்த இடத்துலதான். ஆனா ஒரு கதவு வச்சுடுங்க.”

“கதவுன்னா துணி உருளை நுழையற மாதிரி இருக்கணும்” என்றாள் பெரியம்மா பின்னாலிருந்து.

“உருளை நுழைஞ்சாப் போதுமா? வெட்டற மேஜையை நகர்த்தணும்னா?”

“அப்ப ஆறடி வைக்கச் சொல்லு.”

“ஆறடி எப்படிப் போதும்? விரிச்ச துணியை ரெண்டு பேர் தூக்கிட்டு வரணும். பத்தடியாவது இருக்கணும்.”

தச்சர் அளவு நாடாவைத் தரையில் சுவருக்குச் சுவர் ஓட்டிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். “கடை அகலமே பன்னெண்டடிதான் அக்கா. நீங்க சொல்ற கதவை வச்சா தடுப்புக்கு இடமே இல்லை. இப்ப தடுப்பு வேணுமா, வேணாமா? யாராவது ஒருத்தர் சொல்லுங்க.”

அம்மாவும் பெரியம்மாவும் பழக்கதோஷத்தில் ஒரே நேரத்தில் தபாலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தபால் ஃபிலிமை உருவி எடுத்து, லென்ஸைத் திறந்துவிட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். கண்ணாடியில் வலது ஓரம் காலியாயிற்று, பிறகு இடது ஓரமும். இரண்டு பேரும் அவரவர் இடத்தை விட்டு எழுந்து, தச்சர் நின்ற சுவரோரம் தலைகீழாக நடந்து போய், தோளோடு தோள் நின்று, ஒரே குரலில் அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் அவ்வளவு பாடுபட்டுப் பிடித்த தெளிவுக் கோட்டுக்கு வெளியே போய்விட்டதால் இருவருமே கலங்கலாகத் தெரிந்தார்கள். அவள் திருகைத் தொடவில்லை.