ஒட்டிய பொட்டைத் தொடக் கூடாது

திட்ட அதிகாரிக்கு மக்கள் மீது அபாரமான நம்பிக்கை. மக்களோடு அதிகம் பழகாததால் வந்த நம்பிக்கை அது. பஸ், ரயில், டாக்சி, சைக்கிள் எல்லாம் ஒன்றுகூடும் வட்டார நிலையம் ஒன்றுக்குப் பதினோரு வருஷமாக இடம் தேடிக்கொண்டிருந்தார். ஒன்பது இடம் பார்த்தாயிற்று. ஒன்றில் தண்ணீர் தேங்கியது, இன்னொன்றில் வழக்கு தேங்கியது, மற்றவற்றைச் சொல்லாமல் விடுவதே மரியாதை.

கடைசியில் மக்களையே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. சனிக்கிழமை காலை பள்ளிக்கூட மண்டபத்தில் கதவளவு வரைபடம் ஒன்றைச் சுவரில் மாட்டினார். வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு சிவப்புப் பொட்டு ஸ்டிக்கர். நிலையம் எங்கே வர வேண்டுமோ அங்கே ஒட்ட வேண்டும், அதிகப் பொட்டு விழுகிற இடம்தான் முடிவு. ஒட்டிய பொட்டை அதிகாரிகள் யாரும் தொடக் கூடாது, ஒட்டியவர் மட்டும் மதியம் ஒரு மணி வரை மாற்றி ஒட்டலாம் என்று விதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வரைபடத்துக்கு மேலே ஒட்டினார். தான் நின்றால் மக்கள் கூச்சப்படுவார்களே என்று பக்கத்து அறையில் மேலதிகாரியோடு டீ குடிக்கப் போய்விட்டார்.

பன்னிரண்டரைக்கு இருவரும் வந்து பார்த்தால், கொடுத்த நூற்று அறுபத்து மூன்று பொட்டும் வரைபடத்தில் ஒரே ஒரு இடத்தில் பொட்டு மேல் பொட்டாக அப்பிக் கிடந்தது. அவருக்குப் புல்லரித்தது.

"பாத்தீங்களா சார், மக்கள் எவ்வளவு தெளிவா இருக்காங்க!" என்றபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார். தண்ணீர்த் தொட்டி, அதையடுத்த திருப்பம், திருப்பத்திலிருந்து மூன்றாவது மனை. அது அவருடைய வீடு. குடிபோய் நாற்பது நாள்கூட ஆகவில்லை, கதவில் இன்னும் பெயிண்ட் வாசனை போகவில்லை.

வரைபடத்துக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு அவருடைய மாமியார் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. நம்ம வாசல்லயே பஸ் நிக்கட்டும்னு ஒட்டிட்டேன்."

"நீங்க ஒட்டினது ஒண்ணு, அத்தை. மீதி நூத்தி அறுபத்திரெண்டு?"

"எங்க ஒட்டுறதுன்னு தெரியாம முழிச்சாங்க, பாவம். நான்தான் வழி காட்டினேன். தையல்காரர்கூட, அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஒட்டிட்டாரு."

"அத்தை, பஸ் வாசல்ல நிக்காது. அடுப்படியில நிக்கும். வீட்டை இடிச்சுட்டுத்தான் நிலையம் கட்டுவாங்க."

மாமியாரின் முகம் வெளுத்தது. "அடுப்படியையா?"

"அடுப்படி, உங்க ரூமு, மாடி, எல்லாத்தையும்."

"இதை முதல்லயே எழுதிப் போட வேண்டியதுதானே! ஊருக்கெல்லாம் எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. நிலையம் கட்டினால் அங்கே இருப்பது போகும் என்பது அந்த அலுவலகத்தில் பியூனுக்குக்கூடத் தெரியும். அதனாலேயே அதை எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மேலதிகாரி மட்டும் ஆனந்தக் கூத்தாடினார். "நூத்தி அறுபத்தி மூணு! இப்படி ஒரு ஒற்றுமையை நான் பார்த்ததே இல்லய்யா. யாரோட இடம் அது?"

"என்னோடது சார்."

"பெரிய மனசுய்யா உனக்கு!"

அதிகாரிக்கு நகத்தால் சுரண்டிப் பொட்டுகளைப் பிய்த்துவிடலாம் போலிருந்தது. தலைக்கு மேலே அவருடைய கையெழுத்தே அவரை முறைத்தது. மாமியார்தான் எழுந்து கையைத் தட்டினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! பொட்டு விழுந்த இடத்துல வீட்டை இடிப்பாங்களாம்!"

முடிவு தெரியக் காத்திருந்த மண்டபம் ஒரு விநாடி "அடப் பாவமே" என்றது. மறு விநாடி எல்லார் கண்ணிலும் ஒரு மினுமினுப்பு. தையல்காரர் ஓடிவந்து தன் பொட்டைப் பிய்த்து மருந்துக்கடைக்காரர் வீட்டின் மேல் ஒட்டினார். மருந்துக்கடைக்காரர் சும்மா இருப்பாரா? தையல்காரர் வீட்டின் மேல் ஒட்டினார். இரண்டு ஓரகத்திகள் ஒருவர் வீட்டில் ஒருவர் ஒட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டார்கள். ஓர் அம்மாள் தன் வீட்டின் மேலேயே ஒட்டினார். கேட்டதற்கு, "அப்பவாவது எங்க வீட்டு மனுஷன் டிவி முன்னாலருந்து எந்திரிக்கட்டும்" என்றார்.

வரைபடத்துக்கு அம்மை போட்டுவிட்டது. மண்டபத்தில் கைகலப்பு ஆரம்பமாக இருந்தது.

"நிறுத்துங்க!" மாமியார் குரலுக்கு மின்விசிறியே நின்றுவிடும் போலிருந்தது. "இப்படி மாத்தி மாத்தி இடிச்சா எல்லாரும் தெருவுலதான் நிக்கணும். பஸ்ஸும் வராது. எல்லாருக்குமே பிடிக்காத இடம் ஒண்ணு சொல்லுங்க."

கூட்டம் யோசித்தது. மருந்துக்கடைக்காரர் மெதுவாகச் சொன்னார்: "திட்ட அலுவலகம்."

"ஆமா! ஒரு கையெழுத்துக்கு என்னை ஏழு தடவை அலைய விட்டாங்க" என்றார் தையல்காரர். பரம எதிரிகள் இருவரும் கைகோத்துக்கொண்டு போய் ஒட்டினார்கள். வரைபடத்தில் அந்த அலுவலகம் சாம்பல் நிறக் கட்டமாக இருந்தது. ஆய்வில் சேராது என்று பதினோரு வருஷத்துக்கு முன் நிறமடித்தவர் திட்ட அதிகாரியேதான். ஒரு மணி அடிக்கும்போது சாம்பல் நிறமே தெரியவில்லை.

அவர் ஸ்கேலை வைத்து அளந்தார். பின்னால் ரயில்பாதை, முன்னால் நெடுஞ்சாலை, அரசாங்க நிலம், தண்ணீரும் தேங்காது, வழக்கும் தேங்காது, ஒரு வீடும் போகாது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார். வெட்கமாகவும் இருந்தது, வீடு தப்பியதில் அழுகை வருகிற அளவு சந்தோஷமாகவும் இருந்தது. மாமியாரின் கையைப் பிடித்து, "அத்தை, நம்ம வீட்டைக் காப்பாத்திட்டீங்க" என்றார்.

மேலதிகாரி தாடையைச் சொறிந்தார். "அதெல்லாம் சரி. புது ஆபீஸ் கட்ட மூணு வருஷமாகும். அதுவரைக்கும் நாம எங்கய்யா உக்கார்றது?"

மேலதிகாரியின் பார்வை வரைபடத்தில் மெல்ல நகர்ந்து, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, திருப்பத்திலிருந்து மூன்றாவது மனையில் போய் நின்றது.

அடுத்த மாதம் வீட்டு வாசலில் மூன்று லாரி ஃபைல் வந்து இறங்கியது. கூடத்தில் மேலதிகாரி, மாடிப்படியில் பியூன், மாமியாரின் அறையில் நில அளவைப் பிரிவு. கையெழுத்துக்கு வந்தவர்களின் வரிசை அடுப்படி வழியாகப் போனது. தையல்காரர் தாளிக்கிற இடத்தில் நின்றுகொண்டு மனுவால் விசிறிக்கொண்டிருந்தார்.

மாமியார் கரண்டியும் கையுமாக வரிசையில் புகுந்து அடுப்பைத் தேடினார். கிடைக்கவில்லை. மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்குப் பஸ்ஸே வந்திருக்கலாம், மாப்பிள்ளை. ராத்திரியாவது கிளம்பிப் போயிருக்கும்."