பக்கத்துப் பள்ளம்

சுருளி தன் லேசர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் ஆய்வகத்துக்குள் வந்தான். சுருட்டை முடிக்காக நான் வைத்த பெயர். இப்போது தலையில் ஒரு முடிகூட இல்லை.

"பட்டப்பேரையாவது திருப்பிக் குடுத்துடு," என்றேன்.

"உனக்குச் சத்தம் மட்டும் குறையவே இல்ல, பட்டாசு," என்றான்.

படிப்பு முடித்த புதிதில் நாங்கள் இருவரும் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் வேலை பார்த்தோம். கண்ணாடிகள் அதிருமென்று மின்விசிறிகூடப் போடமாட்டோம், வேர்த்து ஊற்றும். அயோடின் ஆவி, லேசரின் சிவப்பு ஒளியைச் சில அதிர்வெண்களில் மட்டும் விழுங்கும். திரையில் அவை வரிசையாகப் பள்ளங்களாய்த் தெரியும். சரியான பள்ளத்தில் பூட்டினால் லேசரின் அதிர்வெண் அசையாது. நீளம் அளக்கும் கருவிகளையெல்லாம் அதை வைத்துச் சரிபார்க்கலாம். பக்கத்துப் பள்ளத்தில் பூட்டினாலும் அசையாது, ஆனால் அளவு தப்பாகிவிடும். அதுதான் வம்பு. அதனால் அவன் இடப்பக்கமிருந்து எண்ணுவான், நான் வலப்பக்கமிருந்து. இருவரும் ஒரே பள்ளத்தில் வந்து நின்றால்தான் பூட்டுவோம். இல்லாவிட்டால் சண்டை. அடடா, என்ன சண்டைகள்! அந்த அறைக்காக இன்றும் ஏங்குகிறேன்.

இப்போது அவன் வேறோர் ஆய்வகத்தின் தலைவன். அவன் லேசரை எங்களுடையதோடு ஒப்பிட வந்திருந்தான். தேறாவிட்டால் அவன் ஆய்வகத்தின் அங்கீகாரம் போய்விடும். இதுதான் தன் இறுதி அளவு என்று அவன் கையெழுத்துப் போடும்வரை, இரண்டு லேசருக்குமுள்ள வித்தியாசம் என் திரையில் மட்டுமே தெரியும். அதுவரை நான் வாய் திறக்கக் கூடாது என்பது விதி.

எண் வந்தது. சரியாக ஒரு பள்ளத்து வித்தியாசம். பாவி, தனியாக எண்ணியிருக்கிறான். ஒரு பள்ளம் தள்ளிப் பூட்டியிருக்கிறான்.

"போட்டுடவா?" என்று பேனாவை எடுத்தவன் என்னைப் பார்த்தான். நான் அவசரமாகச் சுவரைப் பார்த்தேன். பேனா நின்றது.

"பக்கத்துப் பள்ளமா?" என்றான் மெதுவாக.

நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"சொல்லாத. இப்பவும் நான் திரும்ப எண்ணிப் பார்க்கலாம். ஆனா அது உன் மூஞ்சியப் பார்த்துத் திருத்தினதா ஆயிடும்." சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

"லூசாடா நீ? அங்கீகாரம் போச்சேடா!" என்று கத்தினேன்.

"அடுத்த ஒப்பீட்டுல வாங்கிக்கறேன். ஆனா அப்ப உன்ன இங்க உட்காரவைக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுக்கப்போறேன். உன் மூஞ்சி எனக்கு அவ்வளவு அத்துப்படி."

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் இவ்வளவு பிரியமாகப் பேசியதில்லை. அவன் முன்னாலேயே அழுதுவிட்டேன்.